நாயின் நுரையீரலுக்கு எவ்வளவு காற்று?

நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யும்போது நாயின் நுரையீரல் சுருங்கிவிடும். வாதனாளிக்குள் இட்ட குழாய் வழியே இயந்திரத்தாலோ கையாலோ மூச்சுக் கொடுக்க வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது வீதிகளில் திரியும் கட்டாக்காலி நாய்களுக்குக் கருத்தடை செய்ய இயந்திரம் தேவைப்படுவது அரிது; அதற்குப் பெரும்பாலும் ஊசி மயக்கமே போதும். பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால்தான் ஒவ்வொரு மூச்சுக்கும் எத்தனை மில்லிலீற்றர் என்ற கேள்வி எழும். மனிதருக்குப் போட்ட கணக்கை நாய்க்கு அப்படியே போடுவது தவறு என்பதே என் வாதம்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் நுரையீரல் கடுமையாகப் பழுதடைந்த 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் ஊதியபோது 39.8 சதவீதமானோரும், 6 ஆகக் குறைத்தபோது 31 சதவீதமானோரும் இறந்தனர். அந்தக் கிலோ உயரத்திலிருந்து கணக்கிட்ட நிறை. உடம்பு கொழுத்தாலும் நுரையீரல் வளராது. கொழுத்த லப்ரடோர் நாய்க்கும் இது பொருந்தும். ஆனால் அந்த 6 என்ற எண்ணைச் சுகமான நாய்க்குக் கொண்டுவந்தால் சிக்கல். 10 கிலோ நாய்க்கு ஒரு மூச்சு 60 மில்லிலீற்றர்தான். அதில் பெரும்பங்கு வாதனாளியிலும் இயந்திரக் குழாய்களிலுமே நின்றுவிட, நுரையீரலின் சிற்றறைகளைச் சேர்வது கொஞ்சம்; இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறும். அதனால்தான் மிருக வைத்தியர்கள் வழக்கமாகக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர் வரை கொடுக்கிறார்கள், அழுத்தம் 20 சென்ரிமீற்றர் நீரைத் தாண்டாமல்.

அப்படியானால் இன்னும் பெரிதாக ஊதினால் என்ன என்று கேட்கலாம். ஊதிப் பெருத்த சிற்றறைகள் காயப்படும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து இரத்த அழுத்தமும் இறங்கும். சுத்த ஒட்சிசனும் தனி நன்மையல்ல. நைதரசன் இல்லாத சிற்றறையிலிருந்து ஒட்சிசன் முழுதும் இரத்தத்தில் உறிஞ்சப்பட, அந்தச் சிற்றறை மடங்கிக்கொள்ளும். 40 சதவீத ஒட்சிசன் கொடுத்த நாய்களில் இந்த மடங்கல் குறைவு என்று சி.ரி. ஸ்கேன் படங்கள் காட்டியிருக்கின்றன. மூச்சு முடியும்போதும் 5 சென்ரிமீற்றர் நீர் அழுத்தத்தை நிறுத்திவைத்தால் சிற்றறைகள் திறந்திருக்கும். அதையும் கூட்டிக்கொண்டே போனால் இதயத்துக்குப் பாரம்.

மனிதருக்கே வசதி போதாத ஊரில் நாய்க்கு ஏன் இத்தனை கவனம் என்பது நியாயமான கேள்விதான். 1667இல் லண்டன் றோயல் சொசைட்டியில் றொபர்ட் ஹூக், நெஞ்சைத் திறந்த நாயை உலைத்துருத்தியால் ஊதியே உயிரோடு வைத்துக் காட்டினார். மயக்க மருந்து வர இன்னும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இருந்தன; அந்த நாய் பட்ட வேதனை சொல்லில் அடங்காது. நமது அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் இயந்திர அறிவுக்கு அந்த வேதனையிலும் வேருண்டு. காலுறையில் நீரள்ளித் தாகித்த நாய்க்குப் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதைச் சொல்லும் ஹதீஸை அறிந்த ஊர் இது. இந்தக் கவனத்துக்கு விலையுயர்ந்த இயந்திரமும் கட்டாயமில்லை. ஒட்சிசன் பையைக் கையால் அமுக்குபவர், நாய் தானாக மூச்சு விடும்போது நெஞ்சு எழும் அளவுக்கே அமுக்கி, அழுத்தமானியின் முள் 20ஐத் தொடுமுன் கையைத் தளர்த்தினால், அந்த நுரையீரலுக்குத் தேவையானது கிடைத்துவிடும்.