பிரவுசரில் எழுத்து மங்கலா? கண்ணைக் குறை சொல்லும் முன் கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்தினால் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்றுதான் எதிர்பார்க்கிறோம். ஆனால் சில வீடுகளில் விளையாட்டு அருமையாக ஓடும். பிரவுசரில் எழுத்து மட்டும் புகை படிந்தது போல் இருக்கும்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனபோது இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. தமிழ், தெலுங்கு இரண்டும் படிக்கும் பெரியவர்கள் இங்கே உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியையான என் அத்தையும் அப்படித்தான். காலையில் இரண்டு மொழிச் செய்திகளையும் கம்ப்யூட்டரில் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இந்த முறை கம்ப்யூட்டர் துணி போட்டு மூடிக் கிடந்தது. "கண்ணு போயிடுச்சுப்பா. புள்ளி இருக்கா இல்லையான்னே தெரியல" என்றார். கண் டாக்டரைப் பார்க்க நாளும் குறித்திருந்தார்.

தினசரி காலண்டரில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினேன். தடங்கல் இல்லாமல் படித்தார். போனிலும் படித்தார். விசாரித்தால், மூன்று வாரம் முன்பு அத்தை மகன் புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்தியிருக்கிறான். அன்றிலிருந்துதான் மங்கல்.

நம் எழுத்தில் ஒரு புள்ளி மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். தெலுங்கிலும் மேலும் கீழும் சின்னச் சின்னக் குறிகள். ஆகவே லேசான மங்கல்கூட நம்மை அதிகம் படுத்தும்.

முதலில் மூன்று சோதனைகள்

1. புத்தகமும் போனும் தெளிவாகத் தெரிகின்றனவா? அவையும் மங்கினால் தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போங்கள்.

2. நோட்பேடைத் திறந்து நான்கு வரி டைப் செய்யுங்கள். அங்கும் மங்கலா, பிரவுசரில் மட்டுமா என்று பாருங்கள்.

3. விண்டோஸ் கீயுடன் பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்துங்கள். பிக்சர்ஸ் போல்டரில் படம் சேரும். அதைப் போனுக்கு அனுப்பிப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் தெளிவாக இருந்தால் குறை ரெசொல்யூஷன், கேபிள், மானிட்டர் ஆகியவற்றில் ஒன்றில். படமே மங்கலாக இருந்தால் கம்ப்யூட்டருக்குள் ஏதோ ஒரு செட்டிங்கில்.

எல்லா இடத்திலும் மங்கலா?

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' செல்லுங்கள். ரெசொல்யூஷன் பட்டியலில் 'ரெகமண்டட்' என்று குறித்திருப்பதையே தேர்ந்தெடுங்கள். 1920 x 1080 புள்ளி உள்ள மானிட்டருக்கு 1024 x 768 கொடுத்தால், குறைந்த புள்ளிகளை இழுத்து நிரப்ப வேண்டியிருக்கும், எழுத்து கலங்கும்.

சரியான அளவு பட்டியலிலேயே இல்லையா? 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கார்டுக்குரிய டிரைவர் இன்னும் ஏறவில்லை என்று பொருள். கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள்.

அடுத்து கேபிள். இப்போது வரும் கார்டுகளில் பழைய நீல நிற விஜிஏ இணைப்பு இல்லை. கன்வெர்ட்டர் வைத்துப் பழைய மானிட்டரை இணைத்திருந்தால், மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிள் என்றால், மானிட்டரை டிவி என்று கார்டு நினைத்துக்கொள்வது உண்டு. கார்டின் கண்ட்ரோல் பேனலில் கலர் பார்மட்டை 'ஆர்ஜிபி' என்றும், ரேஞ்சை 'புல்' என்றும் மாற்றுங்கள்.

பிரவுசரில் மட்டுமா?

முதலில் கண்ட்ரோல் கீயுடன் பூஜ்யத்தை அழுத்துங்கள். பக்கத்தின் அளவு 100 சதவீதத்துக்குத் திரும்பும்.

பிறகு குரோமில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்' சென்று கிராபிக்ஸ் ஆக்சலரேஷனை ஆப் செய்து பிரவுசரை மீண்டும் திறங்கள். எழுத்து தெளிந்துவிட்டால், குறை கார்டின் செட்டிங்கிலோ டிரைவரிலோ இருக்கிறது. இது சோதனைக்கு மட்டுமே. அப்படியே விட்டுவிட்டால் வீடியோ ஓட்டும் சுமையும் பிராசஸர் மேல் விழும்.

என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்', 'குளோபல் செட்டிங்ஸ்' பகுதியில் 'எஃப்எக்ஸ்ஏஏ' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்டி கார்டில் 'மார்பலாஜிகல்' என்று தொடங்கும் வசதி. இரண்டும் விளையாட்டில் படிக்கட்டு போல் தெரியும் ஓரங்களை மழுப்புபவை. குளோபல் பகுதியில் ஆன் செய்தால் பிரவுசருக்கும் பொருந்தும். எது சுவரின் ஓரம், எது எழுத்தின் ஓரம் என்று அவற்றுக்குத் தெரியாது. அங்கே ஆப் செய்துவிட்டு, வேண்டிய விளையாட்டுக்கு மட்டும் தனியே ஆன் செய்துகொள்ளலாம்.

கடைசியாக, ஸ்டார்ட் மெனுவில் 'கிளியர்டைப்' என்று டைப் செய்து வருவதைத் திறங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைக் கூர்மையாக்கும் முறை இது. 1998ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்து, 2001ல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் தந்தது. காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவானதைக் கிளிக் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் குறை, விளையாட்டுக்காக ஆன் செய்த அந்த மழுப்பும் வசதிதான். ஆப் செய்து பிரவுசரைத் திறந்ததும் அத்தை முதல் செய்தியை வாய்விட்டே படித்தார். பக்கத்தில் நின்ற மகன், "ஏம்மா, மூணு வாரமா சொல்லவே இல்ல?" என்று கேட்டான். "வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்டா" என்றார்.

கார்டு மாற்றிய அன்றே, அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் பெரியவரை உட்காரவைத்து ஒரு பக்கம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களாக வந்து குறை சொல்ல மாட்டார்கள்.