"நான் அல்ல, ஸார்!"

வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால், "நான் அல்ல, ஸார், அவன்!" என்னும் குரலை நாம் அடிக்கடி கேட்கிறோம். பெரிய கம்பெனியார் பேசுவதும் இந்தப் பாஷையேதான். அவர்களுக்காகப் பேச வக்கீல்கள் இருப்பது ஒன்றே வித்தியாசம்.

1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு, போபால் நகரத்து யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷ வாயு கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். ஆலை தங்களுடையதன்று, இந்தியக் கம்பெனியுடையது என்றனர் அமெரிக்கத் தாய்க் கம்பெனியார். அந்த இந்தியக் கம்பெனியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அவர்களுடையதே! கோபங்கொண்ட தொழிலாளி ஒருவன் வேண்டுமென்றே தொட்டியில் நீரைச் செலுத்தினான் என்றும் சொன்னார்கள். எந்த நியாயஸ்தலத்திலும் அது ருசுவாகவில்லை. நியூயார்க்கில் தொடுத்த வழக்கிலோ, இதை விசாரிக்க இந்திய நியாயஸ்தலங்களே தகுந்தவை என்று வாதித்தனர். 1986-ல் அவ்வாறே தீர்ப்பாயிற்று. ஆனால், ஜாமீனில் சென்ற கம்பெனித் தலைவர் ஆண்டர்ஸன், 2014-ல் இறக்கும் வரையில் போபால் நியாயஸ்தலத்தின் படியேறவேயில்லை. 1989-ல் 47 கோடி டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தனர். குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

உடைந்த கண்ணாடிக்குக் காசு கொடுத்தால் போதும் என்றா நம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம்? முதலில் உண்மையைச் சொல் என்றல்லவா கற்பிக்கிறோம்! பிள்ளைகளுக்குள்ள தர்மம் பிரபுக்களுக்கு மட்டும் இல்லையா?