பாத்ரூம் கதவும் ஒரு ரூபாய் நாணயமும்: உள்கதவுப் பூட்டுகள் பற்றிச் சில குறிப்புகள்

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு ராத்திரி அப்பா பாத்ரூமுக்குள் மயங்கி உட்கார்ந்துவிட்டார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. "கை வரலடா, தாழ் எட்டல" என்று குரல் மட்டும் வருகிறது. கடப்பாரை தேடி, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, பலகையை உடைத்துத் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டின் ஐந்து உள்கதவுகளையும் நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக் கதவுகள் பழைய பேனல் கதவுகள். அதாவது சட்டம் கோத்து, நடுவில் பலகை சொருகியவை. கடையில் இருக்கும் பூட்டில் பாதி இதற்குச் சேராது. ஏன் என்று அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

உருண்டைக் குமிழ்ப் பூட்டுக்கு (நாப் லாக்) கதவில் சுமார் 54 மி.மீ. விட்டத்தில் ஓட்டை போட வேண்டும். ஓட்டையின் மையம் கதவு விளிம்பிலிருந்து 60 அல்லது 70 மி.மீ. தள்ளி இருக்கும். இதை பேக்செட் என்பார்கள். எங்கள் கதவின் செங்குத்துச் சட்டம் நாலு அங்குலம், அதாவது சுமார் 100 மி.மீ. கணக்குப் போடுங்கள்: 60 என்றால் ஓட்டை 87-ல் முடிகிறது, மீதி 13. அதிலும் பலகை உட்காரும் காடி பத்துப் பன்னிரண்டு மி.மீ. தின்றிருக்கும். 70 என்றால் ஓட்டை 97 வரை போய், நேராகக் காடிக்குள்ளேயே விழும். பேக்செட் குறைவாக இருந்தாலும் சிக்கல்தான்: குமிழைத் திருகும்போது விரல் முட்டி நிலையில் இடிக்கும். மொழுக்கென்ற ஃப்ளஷ் கதவுக்கு இந்தக் கவலை குறைவு.

அதனால் சட்டத்துக்குள் குடைந்து வைக்கும் மார்ட்டிஸ் பூட்டு, அதற்கு நீளக் கைப்பிடி என்று முடிவு செய்தேன். முதல் கதவிலேயே தப்பு நடந்தது. "நடுச் சட்டத்துக்கு நேராப் போட்டாத்தான் சார் ஸ்ட்ராங்கு" என்றார் கார்பெண்டர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. உண்மை நேர் எதிர். குறுக்குச் சட்டம் செங்குத்துச் சட்டத்தோடு சேருவது ஒரு கழுந்தின் மூலம், துளைக்குள் போகும் மர நாக்கு அது. 35 மி.மீ. கதவில் அதன் கனம் பன்னிரண்டு மி.மீ. போல இருக்கும். பூட்டுப் பெட்டியின் கனமும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதுவும் கனத்தின் நடுவில்தான் உட்காரும். ஆக, கதவைப் பிடித்து வைத்திருக்கும் நாக்கையே அறுத்துவிட்டுத்தான் அந்த இடத்தில் பூட்டு உட்காருகிறது. ஒரு வருஷத்தில் அந்த மூட்டு ஆட ஆரம்பித்தது. மற்ற கதவுகளில் குறுக்குச் சட்டத்துக்கு மேலே, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் வருகிற மாதிரி வைத்தேன்.

குமிழா, கைப்பிடியா என்பதில் அழகை விடக் கைதான் முக்கியம். குமிழை இறுக்கிப் பிடித்துத் திருக வேண்டும். சோப்புக் கையிலும், மூட்டுவலிக் கையிலும் அது நடக்காது. கைப்பிடியை முழங்கையால் அமுக்கினால்கூடப் போதும். கனடாவின் வான்கூவர் நகரம் 2014 முதல் புதுக் கட்டடங்களில் குமிழுக்குப் பதிலாகக் கைப்பிடியையே கட்டாயமாக்கியது. காரணம் இதேதான். நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் யோசியுங்கள், கைப்பிடியில் தொங்கியே திறந்துவிடுவார்கள்.

பாத்ரூமுக்கு வாங்கும்போது ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: "வெளியிலேர்ந்து காசு வச்சுத் திறக்கிற மாதிரி இருக்கா?" உள்ளே திருகி, வெளியே நாணயம் சொருகும் காடி உள்ளது வேண்டும். சாவிப் பூட்டு வேண்டாம், அவசரத்தில் சாவி எங்கே என்று யார் தேடுவது? இதிலும் ஓர் ஓட்டை உண்டு: கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்து, விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால் காசால் பயனில்லை. அதனால் எங்கள் பாத்ரூம் கதவின் கீலை மாற்றி, வெளிப்பக்கம் திறக்க வைத்தேன். பூட்டு விலையை விட அந்தக் கூலிதான் அதிகம்.

உலோகம். பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக் காற்று வருகிற ஊர் இது. பளபளக்கும் மலிவுக் கைப்பிடிகளில் பல துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியவை. முலாம் விட்டால் புள்ளி புள்ளியாகப் பொரியும். காந்தம் பித்தளையிலும் ஒட்டாது, இதிலும் ஒட்டாது, அந்தச் சோதனை வீண். திருகாணி போகும் உள்பக்கத்தில் லேசாகக் கீறிப் பாருங்கள்: மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் என்றால் துத்தநாகம். ஸ்டீல் என்றால் 304 ரகம் கேட்டு வாங்குங்கள். நான் லோக்கல் ட்ரெயின் ஏறி பாரிமுனை போய் வாங்கினேன், பையில் காடி அளவு குறித்த சீட்டோடு.

பூட்டு என்றதும் நம்மூரில் திண்டுக்கல்தான் ஞாபகம் வரும். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது கொண்டி நாதாங்கியில் தொங்கும் பூட்டு, உள்ளறைக்கு வேலைக்காகாது. பூஜை அறைக்கு மட்டும் பழைய கொண்டியையே விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் மரம் ஊதும். பூட்டின் நாக்கு நிலையில் இருக்கும் தகட்டு ஓட்டையில் சரியாக விழாது. உடனே அரத்தை எடுத்துத் தேய்க்காதீர்கள். தை மாசம் வரை பொறுத்துப் பாருங்கள், பல நேரம் தானாகவே சரியாகிவிடும்.

பாத்ரூம் நிலைக்கு மேலே இப்போது ஒரு ரூபாய் நாணயம் ஒன்று இருக்கிறது. காடியில் பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே வைத்தேன். அம்மா அதை ரெண்டு தடவை பால்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.