சுரங்கத் தொழிலாளர் ஊரின் ஆலயம்

பேராலயங்களைக் கட்டியவர் யார் என்று வினவினால், அரசர் பெயரையே பலரும் கூறுவர். செக் குடியரசில், பிராக் நகருக்குக் கிழக்கே உள்ள குட்னா ஹோராவில் விடை வேறு. அங்குள்ள புனித பார்பரா ஆலயம், வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த ஊர்மக்கள் தம் பொருளால் எழுப்பிய ஆலயமாகும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வெள்ளி மிகுதியாகக் கிடைத்தது. 1300 முதல் அவ்வூர் நாணயச்சாலையில் வெள்ளிக்காசுகள் அடிக்கப்பட்டன. மண்ணுக்கடியில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தோர், திடீர் மரணத்திலிருந்து காப்பவர் என்று நம்பப்பட்ட புனித பார்பராவைத் தம் காவலராகப் போற்றினர். 1388இல் அவர் பெயரால் ஆலயப்பணி தொடங்கியது.

இவ்வாலயம் பிற்காலக் கோதிக் கட்டடக்கலைக்குச் சிறந்த சான்று. கல்லாலான உட்கூரையின் பாரம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். அவை சரியாதவாறு, வெளியே நிற்கும் தூண்களிலிருந்து எழும் கல்வளைவுகள் அவற்றைத் தாங்குகின்றன. சுவரின் சுமை குறைவதால், உயர்ந்த கூர்முனைச் சாளரங்களை அமைக்க முடிகிறது. உள்ளே ஒளி நிறைகிறது. பெனடிக்ட் ரீட் என்னும் சிற்பி வகுத்த உட்கூரையில், கல்வரம்புகள் வளைந்து பின்னி மலரிதழ்கள்போல் விரிகின்றன. மேற்கூரையோ மூன்று கூடாரங்களை நிறுத்தியதுபோல் விளங்குகிறது.

பணி இடையறாது நடைபெறவில்லை. 1420 அளவில் மூண்ட சமயப்போர்களால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தடைப்பட்டது. 1482இல் மீண்டும் தொடங்கியது. பின்னர் வெள்ளி வளம் குன்றியது, பொருளும் குறைந்தது. 1558இல் பணி நின்றது. முடிவுறாத மேற்குப் பக்கத்தைத் தற்காலிகச் சுவரொன்று அடைத்தது. அச்சுவரோடே ஆலயம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1884இல் தொடங்கிய திருப்பணி 1905இல் நிறைவெய்தியது. அடிக்கல் இட்டோரும் நிறைவு கண்டோரும் ஐந்து நூற்றாண்டுகளால் பிரிந்தவர்கள். ஆயினும் பணி ஒன்றே.

ஆலயத்தினுள் காசு அடிப்போரைக் காட்டும் சுவரோவியங்கள் உள்ளன. வெண்ணிற உடையணிந்த சுரங்கத் தொழிலாளியின் சிலையும் உண்டு. புனிதர்கள் வீற்றிருக்கும் இடத்தில் உழைப்பாளிக்கும் இடம் தந்தது அவ்வூர். யுனெஸ்கோ நிறுவனம் 1995இல் இவ்வாலயத்தையும் பழைய நகரையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டியோரில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் வெட்டிய கல்லே அவர்களுக்குச் சான்று.

சிந்தித்து எழுதுக

1. சுவருக்கு வெளியே உள்ள கல்வளைவுகளின் பயன் யாது?
2. ஆலயப்பணி இருமுறை தடைப்பட்டதற்குக் காரணங்கள் யாவை?
3. நீங்கள் வாழும் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி, அதில் உழைத்தோரை நினைவுகூர்ந்து, ஐந்து தொடர்கள் எழுதுக.