மாத்திரையைக் குறைக்கும் முன்

"பத்து நாளைக்கு மட்டும் குடுங்க, மிச்சத்தை அப்புறம் வாங்கிக்கிறேன்." மாதக் கடைசியில் எந்த ஊர் மருந்துக்கடையிலும் கேட்கிற பேச்சு இது. அந்த மிச்சம் பல வீடுகளில் வாங்கப்படுவதே இல்லை. பிரஷர் மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகிறது, இன்சுலின் அளவு கையிருப்புக்குத் தக்கபடி குறைகிறது. உடம்பில் உடனே ஒன்றும் தெரியாது. ஏறிய ரத்த அழுத்தம் பக்கவாதமாகவும், ஏறிய சர்க்கரை சிறுநீரகக் கோளாறாகவும் ஒருநாள் வந்து நிற்கும்போது, மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

காப்பீடு இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் கைகொடுக்கும். தனியார் பாலிசிகளில் பலவும் அப்படித்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரை என்று வந்தால் அட்டை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆகவே மாத்திரைச் செலவுக்கு வழியைக் காப்பீட்டுக்கு வெளியே தேட வேண்டும்.

முதல் வழி அரசு மருத்துவமனை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் அமைக்கப்பட்டது. மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரச் சோதனை செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. "சர்க்கார் மாத்திரைக்கு வீரியம் கிடையாது" என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. தனியார் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருப்பவர்களும் பழைய சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்குள்ள மருத்துவர் பார்த்து, இருப்பில் உள்ள மருந்தை எழுதித் தருவார். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. நடமாட முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால் உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். காசநோய் மருந்தும் எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் நாடு முழுக்க அரசு மையங்களில் இலவசம். இந்த இரண்டுக்கும் யாரும் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

கடையில் வாங்கியே ஆகவேண்டும் என்றால், செலவு கூடுவதும் குறைவதும் சீட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒரே வேதிப்பொருளைப் பல கம்பெனிகள் பல பெயர்களில், பல விலைகளில் விற்கின்றன. டாக்டர் கம்பெனிப் பெயரை எழுதிவிட்டால், சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டிய 'எச்' அட்டவணை மருந்துகளுக்குப் பதிலாக அதே சரக்குள்ள மலிவான மாத்திரையைக் கடைக்காரர் தானாக மாற்றித் தர மருந்து விதிகள் இடம் கொடுப்பதில்லை. அதனால் கேட்கவேண்டிய இடம் டாக்டரின் அறை. "டாக்டர், மருந்தோட ஜெனரிக் பேரை எழுதிக் குடுங்க" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஜெனரிக் பெயரை, அதாவது வேதிப்பொருளின் பெயரை, தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று மருத்துவர்களின் நடத்தை விதிகளே சொல்கின்றன. ஓர் எச்சரிக்கை: வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து, உறுப்பு மாற்றத்துக்குப் பின் சாப்பிடும் மருந்து ஆகியவற்றில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை டாக்டருக்குத் தெரியாமல் செய்யக்கூடாது.

அந்தச் சீட்டோடு முதல்வர் மருந்தகத்துக்கோ மக்கள் மருந்தகத்துக்கோ போங்கள். தமிழ்நாட்டு அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 இடங்களில் திறக்கப்பட்டன. 2008-ல் தொடங்கிய மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகளைத்தான் மக்கள் மருந்தகம் என்கிறோம். கம்பெனிப் பெயருள்ள மருந்துகளைவிட அங்கே விலை 50 முதல் 80 சதவீதம் குறைவு என்பது அரசின் கணக்கு. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது. தீரும்வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே கேட்டுவையுங்கள். 'இருபது சதவீதம் தள்ளுபடி' என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள். மாத்திரை அட்டையில் அச்சான விலையே அதிகமாக இருந்தால் தள்ளுபடி போகவும் நஷ்டம்தான். மாத்திரை ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள்.

கடையில் உங்களுக்கு உரிமைகளும் உண்டு. 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரர் மாத்திரை அட்டையில் உள்ள விலைக்கு மேல் வாங்கக்கூடாது, கடையில் உள்ள மருந்தை விற்க மறுக்கக்கூடாது, விலைப்பட்டியலைப் பார்வைக்கு வைக்கவேண்டும். உதிரியாக நாலு மாத்திரை கேட்டால் அதற்குரிய விகித விலைதான். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றின் உச்சவரம்பு விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் பார்த்துக்கொள்ளலாம். கூடுதலாக வாங்கினால் அந்த ஆணையத்திடமும் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் புகார் தரலாம். பில் இல்லாமல் புகார் நிற்காது. பில் கேட்டு வாங்குங்கள்.

தனியார் மருத்துவமனையில் "எங்க பார்மசியிலதான் வாங்கணும்" என்பார்கள். எங்கே வாங்குவது என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம் என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனம். ஆனால் இது பற்றிய வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நேரடித் தடை விதிக்காமல் கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. கண்டிப்பான சட்டம் வரவேண்டும் என்பதே என் கருத்து.

புற்றுநோய் போன்ற பெரிய நோய்களில் தொகையைக் கேட்டதுமே குடும்பம் ஒடிந்துபோகிறது. அங்கேயும் விலை கல்லில் எழுதியதல்ல. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. கம்பெனி மருந்துக்கு மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் ஆனது. இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. எனவே விலையுயர்ந்த மருந்து எழுதப்பட்டால், இதற்கு இந்தியத் தயாரிப்பு உண்டா, கீமோதெரபிக்கு அரசுக் காப்பீட்டில் இடமுண்டா, கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் ஏதும் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். விண்ணப்பங்கள் எங்கே போகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அரிய நோய்களுக்கு, தேர்ந்தெடுத்த சிறப்பு மையங்கள் வழியாக மத்திய அரசு 50 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. உதவி வாங்கித் தருகிறேன் என்று முன்பணமோ ஓ.டி.பி.யோ கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழையுங்கள், தமிழ்நாட்டு அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது. மாத்திரையைக் குறைப்பதற்கு முன் அழையுங்கள்.