காய்ச்சினாலும் போகாத விஷம்

"தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறோம். காலரா, டைபாய்டு கிருமிகளுக்கு அது சரி. ஆனால் ஏரியில் படரும் நீலப்பச்சைப் பாசியில் சில வகைகளின் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது, கல்லீரலைப் பாதிக்கும்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இதுதான் சங்கடம். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றுக்கும் மீனும் குடிநீரும் தருகிற ஏரி அது. ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும் ஆறுகள் வழியே வந்து சேர, பாசி கொழுக்கிறது. அது அழுகும்போது பிராணவாயு குறைந்து மீன்கள் சாகின்றன.

மீன்வளம் காக்க 1994-ல் மூன்று நாடுகளும் சேர்ந்து அமைப்பு ஏற்படுத்தின. வலையைக் கட்டுப்படுத்தினால் போதுமா? சாக்கடையைச் சுத்திகரிக்க வேண்டும்; அழுக்கை வடிகட்டும் கரையோரக் கோரைக்காட்டை அழிக்கக் கூடாது.

எந்த ஊர் ஏரியானாலும் சரி, பச்சை படர்ந்த தண்ணீரைக் குடிக்காதீங்க, குளிக்காதீங்க. அங்கே செத்து மிதக்கும் மீனையும் தொடாதீங்க!