மருந்தின் பெயர் தெளிப்பவருக்கும் தெரிய வேண்டும்

பருத்தி, கத்தரி, நெல் என எந்தப் பயிரானாலும், பூச்சி மருந்து தெளிக்கும் வேலை பல கிராமங்களில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. நிலச் சொந்தக்காரர் கடையில் மருந்தை வாங்கி, பம்புசெட் கொட்டகையில் வாளியில் கலக்குகிறார். கூலிக்கு வந்தவர் அதைத் தெளிப்பானில் ஊற்றிக்கொண்டு வயலில் இறங்குகிறார். டேங்க் கணக்கில் கூலி பேசியிருப்பதால் அவருக்கு அவசரம். என்ன மருந்து என்று அவர் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை.

மருந்து தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரக்கூடியது. நச்சின் அறிகுறிகள் வயலிலேயே தோன்றும் என்பதில்லை. சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். அப்போது தெளித்தவர் தம் வீட்டில் இருப்பார். வாயில் எச்சில் ஊறுதல், மிகுந்த வியர்வை, வாந்தி, பார்வை மங்கல், தசைத் துடிப்பு ஆகியவை கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து?" என்பதுதான். வீட்டார் என்ன சொல்வார்கள்? புட்டி கொட்டகையில் கிடக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை மிக அவசியம். ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்தானால் அட்ரோபின், பிராலிடாக்சிம் ஆகிய முறிவு மருந்துகள் உண்டு. பைரித்ராய்டு வகைக்குத் தனி முறிவு மருந்து கிடையாது, அறிகுறிக்கேற்ற சிகிச்சைதான். இரண்டைக் கலந்து தெளித்திருந்தால் சிக்கல் கூடும். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல மருந்துகளைக் கலந்து தெளித்ததும், ஆளுயரச் செடிகளுக்கு நடுவே தெளித்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இதற்குச் செலவில்லாத வழி, இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள கைப்பேசி. புட்டியைத் திறப்பதற்கு முன்பே, சீட்டு நனைந்து கிழிவதற்குள், முன்பக்கமும் பின்பக்கமும் எழுத்து தெரியும்படி படம் எடுக்க வேண்டும். கலப்பது இரண்டு மருந்தானால் இரண்டையும் எடுக்க வேண்டும். அந்தப் படங்களைத் தெளிப்பவரின் வீட்டில் இருப்பவர் கைப்பேசிக்கு உடனே அனுப்ப வேண்டும். நிலக்காரரின் கைப்பேசியில் மட்டும் இருந்தால் இரவு நேரத்தில் பயன்படாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வீடானால், மருந்தின் பெயர், கலந்த அளவு, தெளித்த நேரம் மூன்றையும் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். தெளிக்கும்போது கைப்பேசியை வரப்பில் உள்ளவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. மருந்துக் கையால் எடுத்துக் காதிலும் வாயருகிலும் வைப்பது பீடி பிடிப்பதைப் போன்றே கெடுதல்.

படம் எடுக்கும்போதே சீட்டிலுள்ள சாய்சதுரக் கட்டத்தைத் தெளிப்பவருக்குக் காட்டுங்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கடும் விஷம். மேலே மண்டை ஓட்டுக் குறியும் இருக்கும். அடுத்தது மஞ்சள், நீலம் அதனினும் குறைவு, பச்சை எல்லாவற்றிலும் குறைவு. பச்சை என்றால் குடிக்கலாம் என்று பொருளல்ல. நாம் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் அதன் கொடுமை மனத்தில் படுவதில்லை. பூச்சிக்கொல்லி என்ற பெயர் எவ்வளவோ பொருத்தம்.

இன்னொன்றும் வேலை தொடங்குமுன் சொல்ல வேண்டியது. தலை சுற்றினாலும் கண் எரிந்தாலும் பாதியில் நிறுத்திவிட்டு வரலாம், அன்றைய கூலி குறையாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூலி போய்விடும் என்ற பயத்தில் கடைசி டேங்க் வரை தெளித்து முடிப்பவர்களே அதிகம். காற்று வீசும் திசைக்கு எதிராக நடக்கக் கூடாது, நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது என்பவை பழைய பாடங்கள்தான்.

மயக்கம் கண்டால் உடைகளைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108-க்குப் போன் செய்ய வேண்டும். மோர், புளிக்கரைசல் என்று கொடுத்துக் காலம் கடத்தக் கூடாது. எந்த மருந்து, எவ்வளவு என்ற சந்தேகங்களுக்குத் தெளிப்பதற்கு முன்பே கிசான் கால் சென்டரைக் கேட்கலாம். எண் 1800 180 1551, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தெளித்த அன்று இரவு படுக்கப் போகுமுன், தெளித்தவர் வீட்டுக்கு ஒரு போன் செய்து அவர் சாப்பிட்டாரா, எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள்.